மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூத்துக்குடி முதல் பாம்பன் வரையுள்ள கரையோர ஊர்களிலும், கல்லூரி வகுப்புகளிலும், தீவுப் பக்கம் படகேற வருபவர்களிடமும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதியிருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். முன்பே சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

1. பவளப்பாறை கல்லா, செடியா, உயிரா?

விலங்கு. பார்க்கக் கல்லாகத் தெரியும் திட்டின் மேற்பரப்பில், பெரும்பாலும் சில மில்லிமீட்டரே அகலமுள்ள பாலிப்புகள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழ்கின்றன. நடுவில் ஒரு வாய், அதைச் சுற்றிக் கொட்டும் உணர்கொம்புகள். சொறிமீனின் உறவுக்கார இனம் இது. கடல்நீரில் கரைந்திருக்கும் கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத் தன் அடியில் சுண்ணாம்புக் கூடு கட்டிக்கொண்டே போகிறது. பல தலைமுறைகள் கட்டிய கூடுதான் பார்.

பாலிப்பின் சதைக்குள் ஒற்றைச் செல் பாசி குடியிருக்கிறது. அது வெயிலில் தயாரிக்கும் உணவில் பெரும்பகுதி பவளத்துக்குப் போகிறது. பவளத்தின் நிறத்துக்கும் பெரும்பாலும் இந்தப் பாசியே காரணம். ஆகவே வெளிச்சம் குறைந்தால் பவளம் பட்டினி கிடக்கும், பாசி போய்விட்டால் வெளுக்கும். கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது.

2. நவரத்தினத்துல வர்ற பவளம் இதுதானா?

இல்லை. மோதிரத்தில் பதிக்கும் சிவப்புப் பவளம் முக்கியமாக மத்தியதரைக் கடலிலும் ஜப்பான், தைவான் பக்கக் கடல்களிலும் வளரும் வேறு இனம். அதற்குள் பாசி கிடையாது, பார் கட்டவும் கட்டாது. பழங்காலத்திலேயே அது மேற்கிலிருந்து கப்பலில் நம் நாட்டுத் துறைமுகங்களுக்கு வந்த சரக்கு. மன்னார் வளைகுடாப் பவளத்தை உடைத்தால் வெள்ளைச் சுண்ணாம்புதான் கிடைக்கும்.

3. நம்ம கடல்ல இது எங்கெல்லாம் இருக்கு?

தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சுற்றித்தான் அதிகம். மண்டபம் தொகுதியில் 7, கீழக்கரையில் 7, வேம்பாரில் 3, தூத்துக்குடியில் 4. இவற்றையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பரப்பு 560 சதுர கிலோமீட்டர். 1989-ல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. மண்டபத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் வடக்கே பாக் நீரிணைப் பக்கத்திலும் கரையை ஒட்டி ஒரு நீண்ட பார் இருக்கிறது.

பெரும்பாலான பவளம் அரை மீட்டர் முதல் 5 மீட்டர் வரையுள்ள ஆழத்தில் இருக்கிறது. பார்க்க வருபவர்களுக்கு இது வசதி. பவளத்துக்கோ வெயில், படகு, நங்கூரம், கலங்கல் எல்லாம் நேராகத் தலைமேல் வந்து விழும் இடம். தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனம் இங்கே 117 இனப் பவளங்களைப் பதிவு செய்திருக்கிறது.

4. வருசத்துக்கு எவ்வளவு வளரும்?

மான்கொம்பு போலக் கிளைவிடும் அக்ரோபோரா நல்ல நீரில் ஆண்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் நீளும். பாறை போல உருண்டு திரளும் போரைட்டஸ் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான் வளரும். ஒரு மீட்டர் உயரப் போரைட்டஸ் திட்டு என்றால் நூறு ஆண்டுக் கணக்கு. அதன்மேல் ஒரு நங்கூரம் விழுந்தால் எவ்வளவு காலம் போகும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

5. பார் போனா மீன் வேற எடத்துக்குப் போகும். அதுக்கு மேல எங்க ஊருக்கு என்ன நஷ்டம்?

மீன் வேறு இடத்துக்குப் போய்விடாது, எண்ணிக்கையே குறையும். ஓரா, கலவா போன்றவை ஒதுங்கவும் குஞ்சு வளரவும் பாரின் இடுக்குகள் வேண்டும். மடிந்த பவளம் சில ஆண்டுகளில் நொறுங்கிச் சமதளமாகிவிடும். இடுக்கு போனால் மீன் தங்காது.

இன்னொரு நஷ்டம் கரைக்கு. நல்ல நிலையிலுள்ள பார், வரும் அலையின் ஆற்றலில் சராசரியாக 97 சதவீதத்தைத் தடுக்கிறது என்று உலகளாவிய ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் வெளியான கணக்கு சொல்கிறது. இங்குள்ள தீவுகள் பவளச் சல்லியும் மணலும் சேர்ந்து உண்டானவை. பார் தேய்ந்தால் அலை நேராகத் தீவில் மோதி மணலை அள்ளிப்போகும். விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் இப்படித்தான் நீருக்குள் போயின. 21 தீவு என்று இன்றும் சொல்கிறோம், அவற்றில் இந்த இரண்டும் இப்போது கடலுக்கு மேலே இல்லை.

6. அந்தக் காலத்துல வெட்டி எடுத்தாங்க, சரி. இப்பதான் வெட்டுறது இல்லையே, அப்புறம் ஏன் பழையபடி வரல?

சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் ஆலைகளுக்கும் பவளக்கல் பல பத்தாண்டுகள் வெட்டப்பட்டது. 1970-களின் தொடக்கத்தில் மண்டபம் பகுதியில் மட்டும் நாளொன்றுக்குச் சுமார் 250 கன மீட்டர் எடுத்ததாகப் பதிவு உண்டு. 2001-ல் பவளம் வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தது. 2005 வாக்கில் வெட்டுவது நின்றது.

வெட்டிய இடத்தில் மிஞ்சியது உதிரிச் சல்லி. பவளக் குஞ்சு நீரில் மிதந்து வந்து ஒட்டும்போது அதன் அளவு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒட்டிய கல் ஒவ்வொரு கச்சான் (தென்மேற்குப் பருவக்) காற்றிலும் உருண்டால் குஞ்சு நசுங்கிவிடும், அல்லது மணலுக்கடியில் போய்விடும். ஆகவே வெட்டு நின்றும், தளம் அசையாமல் நிற்காத இடங்களில் புதுப் பவளம் பிடிக்கவில்லை. தளம் கெட்டியாக இருந்த இடங்களில் தானாகவே வந்திருக்கிறது. இந்த வேறுபாடு 15, 17 ஆகிய கேள்விகளில் மறுபடி வரும்.

7. கரையில ஒதுங்கிக் கெடக்கிற பவளத்துண்டை ஞாபகத்துக்கு எடுத்துட்டுப் போனா தப்பா?

தப்பு. உயிருள்ளது, மடிந்தது என்று சட்டம் பிரிக்கவில்லை. பார் கட்டும் பவளங்கள், கடல் விசிறி, கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் அட்டை எல்லாமே முதல் அட்டவணையில் உள்ளவை. எடுப்பது, வைத்திருப்பது, விற்பது மூன்றும் குற்றம். தண்டனை 3 முதல் 7 ஆண்டு சிறை, 2022 திருத்தத்துக்குப் பின் குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். வீட்டு மீன்தொட்டிக்குப் ‘பவளக்கல்’ என்று விற்பதை வாங்குபவருக்கும் இது பொருந்தும்.

8. பவளம் வெள்ளையாயிட்டா செத்துப்போச்சுன்னு அர்த்தமா?

உடனே அப்படிச் சொல்ல முடியாது. நீர் அளவுக்கு மேல் சூடாகும்போது பாலிப்பு தன்னுள் இருக்கும் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. சதை கண்ணாடி போல ஆகி, அடியிலுள்ள வெள்ளைக் கூடு தெரிகிறது. இதைத்தான் வெளுத்தல் என்கிறோம். பாலிப்பு இன்னும் உயிரோடு, ஆனால் பட்டினியில் இருக்கிறது. சூடு சீக்கிரம் தணிந்தால் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் பாசி மறுபடி குடியேறி நிறம் திரும்பும்.

நீருக்குள் பார்த்துப் பிரிக்க ஒரு வழி உண்டு. கிட்டே போய்ப் பாருங்கள், தொட வேண்டாம். வெளுத்த பவளத்தில் பளிச்சென்ற வெள்ளைக்கு மேல் மெல்லிய ஈரச் சதைப்படலமும் சிறு உணர்கொம்புகளும் தெரியும். மடிந்ததில் படலம் இருக்காது, கூட்டின் குழிகள் கூர்மையாகத் தெரியும். ஓரிரு வாரத்தில் பச்சையாகவோ பழுப்பாகவோ பாசிப் பஞ்சு படரும். தூரத்திலிருந்து எடுத்த படத்தை வைத்து ‘இத்தனை சதவீதம் செத்துவிட்டது’ என்று யாராவது சொன்னால் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

9. எத்தனை டிகிரியில வெளுக்கும்? ஒரு நம்பர் சொல்லுங்க.

எல்லா இடத்துக்கும் பொதுவான ஒரே எண் கிடையாது. அந்தந்த இடத்தில் ஆண்டின் மிகச் சூடான மாதத்துக்கு நீண்டகாலச் சராசரி ஒன்று இருக்கும். அதைவிட 1 டிகிரி கூடி அப்படியே நின்றால் வெளுக்கத் தொடங்கும். எவ்வளவு கூடியது என்பதோடு எத்தனை வாரம் நின்றது என்பதையும் பெருக்கிச் சேர்ப்பதுதான் ‘வெப்ப வாரம்’ என்னும் கணக்கு. கடந்த 12 வாரங்களில் 1 டிகிரியோ அதற்கு மேலோ கூடிய வாரங்களை மட்டும் எடுக்க வேண்டும்.

ஒரு பாரின் சராசரி உச்சம் 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வாரம் 31.5-ல் நின்றால் 1.5 × 2 = 3. இன்னொரு வாரம் 31 என்றால் 1. மொத்தம் 4. பொதுவாக 4-ஐத் தொட்டால் கண்ணுக்குத் தெரியும் வெளுப்பு, 8-ஐத் தாண்டினால் பெரும் மடிவு. அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா செயற்கைக்கோள் அளவுகளை வைத்து இதை நாள்தோறும் வரைபடமாகப் போடுகிறது. யாரும் பார்க்கலாம். நம் பக்கம் ஏப்ரல் முதல் ஜூன் வரை கவனிக்க வேண்டும்.

10. 2016-ல என்ன நடந்துச்சு?

2014 முதல் 2017 வரை நீடித்த மூன்றாவது உலகளாவிய வெளுப்பின் நடுவில் மன்னார் வளைகுடா சிக்கியது. இங்கே உயிருள்ள பவளப் பரப்பு சுமார் 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்துக்கு இறங்கியது. அக்ரோபோரா, மான்டிபோரா, பொசிலோபோரா ஆகிய வேகமாக வளரும் இனங்கள் அதிகம் மடிந்தன. உருண்டைப் போரைட்டஸ் போன்றவை பெரும்பாலும் தாக்குப்பிடித்தன.

இதே வளைகுடாவின் இலங்கைப் பக்கத்தில், கற்பிட்டிக்கு எதிரேயுள்ள பாரில், 1998 வெப்பத்தில் ஆழம் குறைந்த பகுதியின் பவளம் பெருமளவு அழிந்தது. நான்காவது உலகளாவிய வெளுப்பு 2024 ஏப்ரலில் உறுதி செய்யப்பட்டது. மீள்வதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது என்பதே இப்போதைய பெரிய கவலை.

11. பரப்பு 39 சதவீதம், 23 சதவீதம்னு சொல்றீங்களே, கடலுக்கடியில அதை எப்படி அளக்கிறது?

அதிகம் பயன்படுவது நாடா முறை. 20 மீட்டர் அளவு நாடாவை, ஒரே ஆழத்தில், கரைக்கு இணையாகப் பார் மேல் விரிக்க வேண்டும். நீந்தியபடி நாடாவுக்கு நேர் கீழே என்ன இருக்கிறது, அது எந்தச் சென்டிமீட்டரில் மாறுகிறது என்று நீர் புகாத பலகையில் பென்சிலால் குறித்துக்கொண்டே போவார்கள். உயிருள்ள பவளம் (இன வடிவத்தோடு), புதிதாக மடிந்தது, பாசி படர்ந்த பழைய கூடு, சல்லி, மணல், பாசி என்று வகை. கடைசியில் ஒவ்வொரு வகையின் நீளத்தையும் கூட்டி மொத்த நீளத்தால் வகுக்க வேண்டும். 20 மீட்டரில் உயிருள்ள பவளம் 6.4 மீட்டர் என்றால் 32 சதவீதம். ஓர் இடத்துக்குக் குறைந்தது மூன்று நாடா, முடிந்தால் ஐந்து.

தவறு பெரும்பாலும் நாடாவில் தொடங்கும். நீரோட்டத்தில் நாடா வில்லாக வளைந்தால் நேர்க்கோட்டை விட்டு அழகான திட்டுகளின் மேல் போய் உட்காரும். தளத்திலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் தூக்கி நின்றால், ஒரே பவளத்தை இரண்டு பேர் இரண்டு நீளமாக எழுதுவார்கள். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: சில மீட்டருக்கு ஒருமுறை மடிந்த கல் இடுக்கில் நாடாவைச் செருகி இழுத்துக் கட்டுவது. உயிருள்ள கிளையில் மாட்டக் கூடாது.

மூன்றாவது தவறு இடம் தேர்வது. படகை நிறுத்தியதும் கண்ணில் படும் செழிப்பான மூலையில் நாடாவைப் போட்டால் அந்த மூலையின் கணக்குதான் வரும். இடத்தை வரைபடத்தில் முன்கூட்டியே குலுக்கிப் போட்டு எடுக்க வேண்டும். ஆண்டுக்காண்டு ஒப்பிட வேண்டுமானால் நிரந்தரக் கோடு வேண்டும்: இரு முனையிலும் மடிந்த பாறையில் இரும்புக் கம்பி அடித்து அடையாளம் வைப்பார்கள். ஜிபிஎஸ் மட்டும் போதாது. அது சில மீட்டர் பிசகும், பாரில் சில மீட்டர் தள்ளினால் கணக்கே மாறும்.

12. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு சதவீதம் சொல்றாங்க. எதை நம்புறது?

எண்ணைப் பார்ப்பதற்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள். எந்தத் தீவு, எந்த ஆழம்? எத்தனை நாடா? போன ஆண்டும் இதே கோட்டில்தான் அளந்தார்களா? எந்த மாதம்? மே மாத அளவையும் டிசம்பர் அளவையும் பக்கத்தில் வைத்து ‘கூடிவிட்டது, குறைந்துவிட்டது’ என்று சொல்வதில் பொருளில்லை, ஏனென்றால் பருவத்துக்குப் பருவம் பாசி ஏறி இறங்கும்.

மூன்று நாடாவில் எடுத்த கணக்கு 24-லிருந்து 26 ஆனால் அதை வளர்ச்சி என்று கொண்டாட வேண்டாம். அளப்பவர் மாறினாலே அவ்வளவு பிசகும். அதே போக்கு அதே கோட்டில் தொடர்ந்து மூன்று நான்கு ஆண்டு தெரிந்தால்தான் பேசலாம். பிடிவாதமாக ஒரே இடத்தில் ஆண்டாண்டாக எடுத்த சாதாரண அளவு, ஒருமுறை வந்து எடுத்த பிரமாதமான அளவைவிட மதிப்புள்ளது.

13. மழைன்னா தண்ணி கலங்கத்தான் செய்யும். அதையும் எதுக்கு அளக்கணும்?

வண்டல் இரண்டு வழியில் கொல்லும். மிதக்கும்போது வெளிச்சத்தை மறைக்கும், படியும்போது பாலிப்பை மூடும். பவளம் வழவழப்பான சளியைச் சுரந்து தள்ளிவிடப் பார்க்கும். அதற்கும் உணவு செலவாகும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் படிந்தால் பாருக்குச் சுமை என்பது வெகுகாலமாகப் பயன்படும் எல்லை.

அளக்கப் பெரிய கருவி வேண்டாம். 5 சென்டிமீட்டர் வாயும் 15 சென்டிமீட்டர் உயரமும் உள்ள பிவிசி குழாய், அடி மூடியது, மூன்று. தளத்துக்கு மேலே கம்பியில் நிமிர்த்திக் கட்டி 30 நாளில் எடுக்க வேண்டும். உயரம் வாயகலத்தைப் போல மூன்று மடங்காவது இல்லாவிட்டால் விழுந்த வண்டல் அலையில் திரும்ப வெளியேறிவிடும். படிந்ததை வடிகட்டி, நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, உலர்த்தி எடை போட வேண்டும். கழுவாவிட்டால் உப்பின் எடையும் சேர்ந்து கணக்கு உயரும். வாயின் பரப்பு 19.6 சதுர சென்டிமீட்டர். 30 நாளில் 5.9 கிராம் சேர்ந்தால் 5,900 ÷ (19.6 × 30), அதாவது ஏறக்குறைய 10. எல்லைக்கே வந்தாயிற்று என்று அர்த்தம்.

ஒரு எச்சரிக்கை: அலை அடியைக் கிளறும் மாதங்களில் அதே மண் மேலெழும்பிக் குழாய்க்குள் விழும். ஆகவே கச்சான் மாத அளவைக் கச்சான் மாத அளவோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

14. செயற்கைக்கோளே வெப்பத்தைச் சொல்லுதே, அப்புறம் தண்ணிக்குள்ள தெர்மாமீட்டர் எதுக்கு?

செயற்கைக்கோள் அளப்பது கடலின் மேல்தோலை, அதுவும் கிலோமீட்டர் கணக்கான கட்டங்களாக. தீவை ஒட்டி 2 மீட்டர் ஆழத்தில், நீரோட்டம் குறைந்த மூலையில் இருக்கும் சூடு அதில் தெரியாது. அதனால் பாரின் ஆழத்திலேயே, நேர் வெயில் படாத இடுக்கில், மணிக்கொருமுறை தானே பதியும் சிறு வெப்பமானிகளை வைக்கிறோம். வைக்குமுன்னும் எடுத்த பின்னும் நல்ல தண்ணீரில் நொறுக்கிய ஐஸ் போட்டு அதில் மூழ்கவிட்டு 0 காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அரை டிகிரி பிசகினால் 9-ல் சொன்ன வெப்ப வாரக் கணக்கு முழுதும் பிசகும்.

15. பவளத்தை ஒடிச்சு நட்டா வளருமாமே. எங்க காலேஜ் சார்பா ஆயிரம் துண்டு நடலாமா?

வளரும் என்பது உண்மை. தூத்துக்குடிப் பக்கம் 2002 முதலே செய்து வருகிறார்கள். ஆனால் யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய வேலை இல்லை. பவளத்தைத் தொடுவதற்கே வனத்துறை அனுமதி வேண்டும் (7-ஐப் பார்க்கவும்). அடுத்து, பரப்பைக் கணக்கிடுங்கள். 30 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு துண்டுக்கு 0.09 சதுர மீட்டர். ஆயிரம் துண்டுக்கு 90 சதுர மீட்டர், ஒரு வீட்டு மனை அளவுகூட இல்லை. அந்த உழைப்பைக் கலங்கலைக் குறைப்பதிலோ வலை அகற்றுவதிலோ போட்டால் பலன் பல மடங்கு பரப்புக்குக் கிடைக்கும். நடுவது கடைசி வழி. நீர் தெளிவாக இருந்தும், தளம் நிலைக்காததால் தானாகப் பிடிக்காத இடத்தில் மட்டும் செய்ய வேண்டியது.

அனுமதியோடு செய்பவர்களின் முறை இது. தாய்ப் பவளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. துண்டு 8 முதல் 10 சென்டிமீட்டர். எல்லாத் துண்டும் ஒரே தாயிலிருந்து வந்தால் அவை அச்சு அசல் நகல்கள், ஒரே நோயில் மொத்தமும் போகும். ஆகவே பத்துத் தாய்க்குக் குறையாமல் எடுக்க வேண்டும். கடல்நீர் நிறைந்த தொட்டியில் நிழலில், நெருக்கியடிக்காமல் கொண்டுபோய், சிமெண்ட் பலகையில் இறுக்கிக் கட்டி, பலகைகளைக் கான்கிரீட் சட்டத்தின் மேல் தளத்தைவிட உயர்த்தி வைக்க வேண்டும்.

மாதமும் முக்கியம். ஏப்ரல் முதல் ஜூன் வரை சூடு, அதைத் தொடர்ந்து கச்சான் கலங்கல். மார்ச் பௌர்ணமியை ஒட்டி இங்கே அக்ரோபோரா முட்டையிடும், அப்போது ஒடித்தால் இனப்பெருக்கமே கெடும். ஜனவரி, பிப்ரவரிதான் பெரும்பாலும் கைகொடுக்கும்.

16. நட்டதுல பாதி போயிருச்சு. என்ன காரணமா இருக்கும்?

எப்போது போனது என்பதை வைத்துச் சொல்லலாம். முதல் வாரத்தில் சளி வடிந்து சதை உரிந்தால், கொண்டுவந்த விதம்: காற்றில் அதிக நேரம் இருந்தது, தொட்டி சூடானது, துண்டுகள் உரசின. முதல் மாதத்தில் துண்டே காணாமல் போனால் கட்டு தளர்வு. அசையும் துண்டு அடியில் ஒட்டாது, அலைந்து அலைந்து சதை தேயும். கட்டியபின் விரலால் மெல்லத் தள்ளினால் துளியும் ஆடக் கூடாது. இரண்டு மூன்று மாதத்தில் அடியிலிருந்து மேலே பாசி ஏறிக் கொன்றால், சுத்தம் செய்யவில்லை அல்லது அந்தப் பாரில் பாசி தின்னும் மீன் குறைவு. தொடக்கத்தில் வாரம் ஒருமுறை பலகையைத் தூரிகையால் தேய்க்க வேண்டும்.

மே, ஜூனில் மொத்தமாக வெளுத்துப் போனால் உங்கள் கைவேலையில் தப்பில்லை, இடம் தப்பு. மூன்றாம் மாத முடிவில் ‘90 சதவீதம் பிழைத்தது’ என்ற அறிக்கைக்கு மதிப்புக் குறைவு என்பதும் இதனால்தான். ஒரு கோடையாவது தாண்டிய பிறகு எண்ணுங்கள்.

17. சிமெண்ட் கட்டி போட்டு வான் தீவைக் காப்பாத்தினாங்களே, எல்லாத் தீவுக்கும் அதே செய்யலாமே?

தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான் தீவு ஒருகாலத்தில் 16 ஹெக்டேர். 2015 வாக்கில் சுமார் 2 ஹெக்டேராகச் சுருங்கி மறையும் நிலைக்கு வந்தது. ஐஐடி மெட்ராஸ் வடிவமைத்த, துளைகளுள்ள சரிவகக் கான்கிரீட் கட்டிகள் பத்தாயிரத்துக்கும் மேல் தீவின் கடல் பக்கத்தில் வரிசையாக இறக்கப்பட்டன. அலை அங்கேயே உடைகிறது, பின்னால் அமைதியான நீரில் மணல் படிகிறது. தீவு சுருங்குவது நின்று மணல் சேர்ந்தது. கட்டிகளில் மீனும் கூடியது, பவளக் குஞ்சும் ஒட்டியது, ஏனென்றால் 6-ல் சொன்ன அசையாத தளம் அங்கே கிடைத்தது.

அடுத்து காரியாச்சல்லித் தீவுக்கு இதே வழி எடுக்கப்படுகிறது. ஆனாலும் ஒவ்வொரு தீவுக்கும் அலை வரும் திசை, அடிமட்டச் சரிவு, நீரோட்டம் வேறு. கணக்கில்லாமல் போட்டால் ஒரு பக்கம் மணல் சேர்ந்து மறுபக்கம் அரிக்கும். உயிருள்ள பவளத்தின் மேல் கட்டி இறங்கினால் சேதமும் நம்மாலேயே. கட்டி அலையைத் தடுக்கும், வெப்பத்தைத் தடுக்காது.

18. கப்பாபைகஸ் பாசி வளர்க்கிறதால பவளத்துக்கு ஆபத்துன்னு சொல்றது உண்மையா?

ஆம், குருசடைத் தீவில் நடந்தது. பிலிப்பைன்ஸ் பக்கத்துப் பாசி இது. பாக் நீரிணையில் மிதவைகளில் வளர்த்தது துண்டாகிப் போய் குருசடையில் கிளைப்பவளத்தின் மேல் பாய் விரித்ததுபோல் மூடியதை 2008-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அடியில் வெளிச்சமின்றிப் பவளம் மடிந்தது.

கையால் பிடுங்குவதே வழி, ஆனால் பிடுங்கும்போது உதிரும் சிறு துண்டும் இடுக்கில் மாட்டியிருக்கும் அடிப்பகுதியும் மறுபடி முளைக்கும். கண் நெருக்கமான வலைப்பையில் உடனுக்குடன் போட்டு, சில வாரத்துக்கொருமுறை அதே இடத்துக்குத் திரும்பி வர வேண்டும். ஒருமுறை பிடுங்கிவிட்டு விட்டால் பரவல்தான் கூடும். வளர்ப்பவர்கள் அறுந்த கயிற்றையும் உதிர்ந்த பாசியையும் கரைக்குக் கொண்டுவந்தாலே பாதித் தொல்லை இல்லை.

19. பாசி எடுக்கப் போற பொம்பளைங்களாலதான் பவளம் ஒடையுதுங்கிறாங்க. அப்படியா?

இவர்கள் எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி பெரும்பாலும் மடிந்த பவளப் பாறையில்தான் வளர்கிறது. சேதம் வருவது இரண்டு வழியில்: போகும் வழியில் உயிருள்ள பவளத்தை மிதிப்பது, இரும்புச் சுரண்டியால் பாறையோடு பெயர்ப்பது. ராமேஸ்வரம் பக்கப் பெண்கள் சுரண்டியை விட்டுக் கையாலேயே எடுப்பதாகவும், மாதம் 12 நாள் மட்டும் போவதாகவும் தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்தார்கள். 2016-ன் மடிவுக்கோ பழைய காலத்தில் பவளக்கல் வெட்டியதற்கோ இவர்கள் காரணமல்ல. எளிதில் கைகாட்டக் கூடியவர்கள் மேல் மொத்தப் பழியையும் போடுவது அநியாயம்.

20. பார்ல வலை மாட்டிக் கெடக்கு. இழுத்து எடுத்துடலாமா?

இழுக்காதீர்கள். படகிலிருந்து இழுத்தால் வலையோடு கிளைப்பவளமும் பெயர்ந்து வரும். வலை செய்த சேதத்தைவிட அது பெரிது. பூங்கா எல்லைக்குள் என்றால் முதலில் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

எடுக்கும் குழு இரண்டிரண்டு பேராக இறங்கி, ஒருவர் வலையைத் தாங்கிப் பிடிக்க மற்றவர் கத்தரிக்கோலால் சிறு துண்டுகளாக வெட்ட வேண்டும். நுனி கூரான கத்தி வேண்டாம். முதலில் மிதவைக் கயிறு, பிறகு வலை, கடைசியில் ஈயக் கயிறு. பவளம் ஏற்கனவே சுற்றி வளர்ந்துவிட்ட இழையை உருவக் கூடாது, இரு பக்கமும் வெட்டிவிட்டு நடுத்துண்டை அப்படியே விட்டுவிடலாம். மாட்டியிருக்கும் நண்டையும் மீனையும் விடுவித்த பிறகுதான் பைக்குள் போட வேண்டும்.

21. பவளம் பார்க்க எங்க போகலாம்? சன்ஸ்கிரீன் போடலாமா?

தீவுகளுக்குத் தனியார் படகில் போவது சட்டவிரோதம். வனத்துறை நடத்தும் படகில் மட்டும் போங்கள். குந்துகாலிலிருந்து குருசடைக்கும், பாக் நீரிணையில் பிரப்பன்வலசைப் பக்கமும் வசதி உண்டு. காற்று அடங்கிய காலை நேரத்தில் நீர் தெளிவாக இருக்கும். நீந்தினால் நிற்க நினைக்காதீர்கள். கால் வைக்கும் இடம் பெரும்பாலும் பவளம்.

ஆக்சிபென்சோன் என்ற வேதிப்பொருள் உள்ள சன்ஸ்கிரீன் களிம்புகளைப் பவளத்துக்குக் கேடு என்று ஹவாய் மாநிலம் 2021 முதல் விற்கத் தடை செய்தது. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டால் களிம்பே வேண்டாம்.

22. இதைப் படிக்க எங்க சேரணும்?

பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம், தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி, 3-ல் சொன்ன சுகந்தி தேவதாசன் நிறுவனம் ஆகியவை முக்கியமானவை. நீச்சல், முதல்நிலை முக்குளிப்புச் சான்றிதழ், புள்ளியியல் மூன்றும் வேண்டும். முதல் இரண்டையும் எல்லாரும் கற்றுக்கொள்கிறார்கள், மூன்றாவதில்தான் ஆய்வேடுகள் தடுக்கி விழுகின்றன.

23. உலகமே சூடாகுது. இங்க வலை எடுத்து, கலங்கலைக் குறைச்சு என்ன ஆகப்போகுது?

நியாயமான கேள்வி. கரியமில வாயு குறையாமல் பவளம் நிலைக்காது. 9-ல் சொன்ன வெப்ப வாரம் 8-ஐத் தாண்டும் ஆண்டுகளில் தெளிந்த நீரிலும் பெருமளவு மடியும். அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை.

ஆனால் 4-க்கும் 8-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளும், வெளுப்புக்குப் பிந்தைய ஆண்டுகளும் நம் கையில் இருக்கின்றன. வெளுத்த பவளம் பட்டினியில் இருக்கும்போது வண்டலைத் தள்ளவும் அதற்குத் தெம்பு வேண்டியிருக்கிறது (13). மடிந்த இடத்தில் ஓரா போன்ற பாசி தின்னிகள் இருந்தால் புதுக் குஞ்சு ஒட்ட இடம் கிடைக்கும், இல்லாவிட்டால் பாசி பிடித்துக்கொள்ளும். பிழைத்த பவளம் சுற்றிலும் இருந்தால்தான் மார்ச்சில் முட்டையே வரும். ஆகவே வெளுக்கும் மாதங்களில் தூர் வாருவதைத் தள்ளிவைப்பது, பாரின் மேல் நங்கூரம் போடாமலிருப்பது, கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விடாதிருப்பது மூன்றும் நேரடிப் பலன் தரும். பரப்பு பழைய அளவுக்கு வந்தாலும் கிளைப்பவளத்துக்குப் பதில் உருண்டைப் பவளமே நிறைந்தால் மீனுக்கு இடுக்கு குறைவு. அதனால் சதவீதத்தோடு இனத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

24. நான் நாட்டுப்படகுல போறவன். நான் என்ன சொன்னா ஆராய்ச்சிக்கு உதவும்?

முதலில் வெளுப்பைக் கண்டால் சொல்லுங்கள். ஆய்வாளர்கள் ஒரு தீவுக்கு ஆண்டில் சில நாள்தான் வருகிறார்கள், நீங்கள் தினமும் போகிறீர்கள். தேதி, தீவின் எந்தத் திசை, ஆழம் எத்தனை பாகம் அல்லது மீட்டர், ஒரு திட்டா பரவலாகவா, கிளையா உருண்டையா என்ற ஐந்தும் போதும். செல்போன் படம் என்றால் கிட்டே ஒன்று, எட்ட ஒன்று. கிட்டத்துப் படத்தில் அளவு தெரியக் கை அல்லது துடுப்பு நுனி பக்கத்தில் இருக்கட்டும், பவளத்தின் மேல் படாமல்.

மாட்டிய வலை, புதிதாகப் படரும் பாசி, வழக்கத்துக்கு மாறாக நாள்கணக்கில் தெளியாத நீர், பாரில் பரவும் சாம்பல்நிறக் கடற்பஞ்சு ஆகியவற்றையும் இதே போலக் குறித்துக்கொள்ளலாம். வான் தீவில் பவளத்தின் மேல் படரும் டெர்பியோஸ் கடற்பஞ்சு காணப்பட்டிருக்கிறது. தகவலை மண்டபம், கீழக்கரை, தூத்துக்குடி வனச்சரக அலுவலகம் எதிலும் கொடுக்கலாம். ‘ஒன்றும் மாற்றமில்லை’ என்பதையும் மாதம் ஒருமுறை எழுதி வையுங்கள். வெளுப்பு எந்த வாரம் தொடங்கியது என்று பின்னால் கணக்கிடும்போது அந்தக் குறிப்புதான் தேவைப்படும்.